ஒன்பதுக்கு முன்னால் இரண்டு சைபர்

ஒரு சைபருக்காக ஒரு மாவட்டத்தையே பகைத்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் தர்மபுரியில், எங்கள் ஆபீசில், எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதுகளின் கடைசி அது. சைபர் என்றதும் இந்தக் காலத்துச் சைபர் குற்றம், சைபர் போலீஸ் என்று எங்கேயோ போய்விடாதீர்கள். நான் சொல்வது சுழி. முட்டை. பூஜ்ஜியம். அதுவும் எண்ணுக்குப் பின்னால் வருகிற மரியாதையான பூஜ்ஜியம் இல்லை, முன்னால் வந்து சும்மா நிற்கிற பூஜ்ஜியம். அதற்காகத்தான் அந்த மனுஷன் ஊரோடு சண்டை போட்டார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியல் போடுகிறவரைத் தவிர யாருக்கும் அது நினைவில்லை. சைபர்காரர் என்றால் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் தெரியும்.

எங்கள் ஆபீசின் பெயர் வேண்டாம். மாவட்டத்தில் எந்த ஊரில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று கணக்கெடுத்து வைப்பது எங்கள் வேலை. அங்கே ஒரு நாள் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பூசணிக்காய் உடைத்து, திருஷ்டி கழித்து, ஏ.சி. ரூமில் வைத்தார்கள். அதிகாரியின் அறையில்கூட ஃபேன்தான், மெஷினுக்கு ஏ.சி. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளச் சென்னையில் ஆறு வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவர் சைபர்காரர். மாரண்டஹள்ளிப் பக்கத்துக்காரர், முப்பத்துநாலு வயது. பிரின்டர் பேப்பரின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை ஓட்டையாக ஒரு நாடா கிழிந்து வருமே, அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். டிபன் பாக்ஸ் கட்டுவதும் அதனால்தான், குடைக்கம்பி முறிந்தால் கட்டுவதும் அதனால்தான்.

எனக்கு இருபத்துமூன்று. டைப் தெரியும் என்று ஆறு மாதத் தற்காலிக வேலையில் எடுத்திருந்தார்கள். ரிஜிஸ்டரில் இருப்பதைப் பார்த்து மெஷினில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சைபர்காரரின் கோபத்துக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் தமிழ். இரண்டாம் கட்டம் இங்கிலீஷ். மூன்றாவது கன்னடம். அவர்கள் வீட்டில் பேசுகிற மொழி அது. "ஏனு அன்யாய இது!" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டால், ரெக்கார்ட் ரூம்காரர் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்துவார். எதிரே தாலுகா ஆபீசுக்குக் கேட்கக் கூடாதே என்று.

அவருடைய கோபத்தின் மூலம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்த விஷயம்தான். தலைமை ஆபீசிலிருந்து ஒரு கெட்டிக்காரர் வந்து, இரண்டு நாள் தங்கி, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் மெஷினுக்கு நாம் எழுதி வைக்கிற உத்தரவுச் சீட்டு. இந்த ஊர்ப் பட்டியலை எடு, ஒவ்வொரு ஊரின் ஆழத்தையும் அடுத்த ஊரோடு ஒப்பிடு, பெரிய எண்ணை மேலே போடு, பிரின்ட் எடு. அந்தச் சீட்டை வாசித்துவிட்டுத்தான் சைபர்காரர் முதன்முதலாகக் கத்தினார்.

"ஏம்மா, இங்க வா. தொண்ணூத்தஞ்சு பெருசா, நூத்திப்பத்து பெருசா?"

"நூத்திப்பத்துதாங்க சார்."

"உனக்குத் தெரியுது. இந்த மெஷினுக்குத் தெரியலியே! அந்தப் பெரிய மனுசன் எழுதி வெச்சிருக்கறத பாரு. இது எண்ண எண்ணா பாக்கறதில்லம்மா. எழுத்தா பாக்குது."

அகராதியில் சொல்லைத் தேடுகிற மாதிரி மெஷின் பார்க்குமாம். தொண்ணூற்றைந்தின் முதல் எழுத்து ஒன்பது. நூற்றுப்பத்தின் முதல் எழுத்து ஒன்று. ஒன்பது பெரியது, ஆகவே தொண்ணூற்றைந்துதான் பெரியது. தீர்ந்தது விவகாரம். பின்னால் இன்னும் எத்தனை இலக்கம் இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்காது. எண்ணாகப் பார் என்று தனியாகச் சொன்னால் ஒழுங்காகப் பார்க்கும். வரிசைப்படுத்தச் சொல்கிற இடத்தில் ஒரு சின்னக் கோடும் 'என்' என்று ஒரே ஓர் இங்கிலீஷ் எழுத்தும் சேர்த்தால் போதும். இவ்வளவுதான். இதைக்கூடச் செய்யாமல் அந்தக் கெட்டிக்காரர் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். நீங்களே சொல்லுங்கள், வயிறு எரியுமா எரியாதா?

"அப்ப இத்தன நாளும் எப்படிங்க சார் சரியா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"சைபரும்மா! சைபரு காப்பாத்துது!"

விஷயம் இதுதான். எங்கள் ரிஜிஸ்டரில் ஆழத்துக்கு மூன்று கட்டம். பழைய குமாஸ்தாக்கள் எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார்கள். விட்டால் பின்னால் எவனாவது முன்னால் ஓர் ஒன்றைச் செருகித் தொண்ணூற்றைந்தை நூற்றுத்தொண்ணூற்றைந்து ஆக்கிவிடுவான் என்று பயம். அதனால் 095 என்று எழுதுவார்கள். ஒன்பது அடி என்றால் 009. சைபர் முன்னால் நிற்கிற வரைக்கும் எழுத்தாகப் பார்த்தாலும் சரியான வரிசைதான் வரும். 095-இன் முதல் எழுத்து சைபர், 110-இன் முதல் எழுத்து ஒன்று, ஒன்று ஜெயித்துவிடும். கம்ப்யூட்டரைக் கனவில்கூடக் காணாத குமாஸ்தாக்களின் சந்தேக புத்திதான் அந்தக் கெட்டிக்காரரின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

சைபர்காரர் அதிகாரியிடம் போனார். எங்கள் அதிகாரிக்கு நல்லது சார் என்று பெயர். எதைச் சொன்னாலும் "நல்லது" என்பார், எதையும் செய்யமாட்டார். அடுத்த வருஷம் ரிடையர்மென்ட்.

"சார், ஒரு கோடு, ஒரு எழுத்து சேக்கணும். பர்மிஷன் குடுங்க."

"நல்லது. தலைமை ஆபீஸ் புரோகிராம். கை வைக்கப்படாது."

"சைபரு போச்சுன்னா எல்லாம் போச்சு சார்!"

"நல்லது. போக விடாம பாத்துக்குங்க."

அன்றைக்கே அவர் அட்டை ஒன்றில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி என் தலைக்கு மேல் ஒட்டினார்: 'முன்னால் நிற்கும் சைபரைத் தொடாதே. தொட்டால் வரும் விளைவுகளுக்கு நான் பொறுப்பல்ல.' பார்க்கிறவர்கள் எல்லாம் மின்சார வாரிய அறிவிப்பு என்று நினைத்து என் மேசையைத் தொடாமல் ஒதுங்கிப் போனார்கள்.

அதற்குப் பிறகு அவர் போகிற இடமெல்லாம் சைபர்தான். ஒரு முறை நாங்கள் நாலு பேர் ஆபீஸ் வேலையாகச் சேலம் போனோம். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் பஸ் நகரவில்லை. சைபர்காரர் தன் டிக்கெட்டைப் பார்த்தார். வரிசை எண்ணுக்கு முன்னால் மூன்று சைபர். எழுந்து நின்றுவிட்டார். "யோவ் கண்டக்டரு! நீதான்யா மனுசன்! உன்ன மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் நாடு நிக்குது!" என்று கண்டக்டரைக் கட்டிப்பிடித்தார். பிறகு எல்லோருடைய டிக்கெட்டையும் வாங்கி, எண்ணுக்கும் எழுத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பஸ் முழுவதற்கும் வகுப்பு எடுத்தார். முதல் பத்து நிமிஷத்தில் ஆண்கள் எல்லாம் இறங்கி லாரியைத் தள்ளப் போய்விட்டார்கள். லாரி அவ்வளவு சீக்கிரம் நகர்ந்ததற்கு அவர்தான் காரணம் என்று டிரைவர் பிற்பாடு சொன்னார்.

மெஸ்ஸில் "சைபர் மூணு வடை" என்றுதான் ஆர்டர் கொடுப்பார். பழைய சப்ளையருக்குப் பழகிவிட்டது. புதிதாக வந்தவர் ஒரு நாள் முப்பது வடையைத் தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்தார். "பின்னால போட்டாதான்யா முப்பது! முன்னால போட்டா மூணுதான்யா மூணு!" என்று இவர் இங்கிலீஷுக்குப் போய்க் கன்னடத்துக்கும் போய்விட்டார். அன்றைக்கு ஆபீஸ் முழுக்க வடை. கோபம் அடங்காமல் அவரே ஏழு தின்றார்.

இதையெல்லாம் பார்த்து நானும் சிரித்தேன். கிறுக்கு என்றுதான் நினைத்தேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் திட்டு வாங்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற ரிக் வண்டி ஒன்று எங்கள் பக்கத்துக்கு வரும், பத்தே பத்து ஊருக்குத்தான் போர் போட்டு அடிபம்பு வைக்கும் என்று உத்தரவு வந்தது. தண்ணீர் எந்த ஊரில் அதிக ஆழத்துக்குப் போய்விட்டதோ அந்த ஊருக்கு முதலிடம். பட்டியல் கம்ப்யூட்டரில் எடுக்க வேண்டும்.

எங்கள் ஆபீசைப் பெருக்கி, குடிதண்ணீர்ப் பானையை நிரப்பி வைக்கிற சவரியம்மா அக்காவுக்கு இந்தச் சேதி எங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அரூர் ரோட்டில் புளியம்பாறை என்கிற ஊர் அவருடையது. கிணற்றில் தண்ணீர் நூற்றுப்பத்து அடிக்குப் போய்விட்டது. மூன்று கயிற்றை முடிந்து இறைக்க வேண்டும். விடியும் முன்னே தன் வீட்டுக்கு நாலு குடம் இறைத்து வைத்துவிட்டு, பஸ் ஏறி வந்து, எங்களுக்குக் குழாயில் பிடித்துப் பானையை நிரப்புவார். நாங்கள் பாதி டம்ளர் குடித்துவிட்டு மீதியைச் சன்னல் வழியாகக் கொட்டுவோம். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இன்றைக்கு நினைத்தால் எனக்கு என் கையின் மேலேயே ஆத்திரம் வருகிறது.

"பாப்பா, லிஸ்ட்டு வந்தா எங்க ஊரு பேரு இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. மக வூட்டுக்கு வந்திருக்குது, மாசமா இருக்குது. அதப் போயி கயிறு இழுக்கச் சொல்ல முடியுங்களா?" என்றார்.

முந்நூறு ஊர். இரண்டு நாளில் அடிக்க வேண்டும். சைபர்காரர் தங்கைக்கு வளைகாப்பு என்று மூன்று நாள் லீவில் போயிருந்தார். முதல் நாள் மத்தியானத்துக்குள் என் விரல் வலித்தது. 095. 088. 076. எதற்கு இந்த முன்னால் சைபர்? மதிப்பே இல்லாத சைபர். இதை விட்டால் முந்நூறு தட்டு மிச்சம். தலைக்கு மேலே அட்டை இருந்தது; மூன்று மாதமாக இருந்ததால் அது என் கண்ணுக்குத் தெரிவதை நிறுத்திவிட்டிருந்தது. விட்டேன். 95. 88. 76. ஒரு நாள் முன்னதாகவே முடித்தும்விட்டேன். நல்லது சார் "நல்லது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பட்டியல் வந்தது. பத்து ஊர். புளியம்பாறை இல்லை.

"நல்லா பாருங்க பாப்பா."

முழுப் பட்டியலையும் இழுத்துப் பார்த்தேன். புளியம்பாறை கடைசிப் பக்கத்தில், அடியிலிருந்து நாலாவதாகக் கிடந்தது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "கம்ப்யூட்டர் போட்டதுக்கா. அது தப்பு பண்ணாது" என்றேன்.

சவரியம்மா அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "கம்பூட்டரு எங்க கெணத்த வந்து எட்டிப் பாத்துச்சுங்களா பாப்பா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு பானையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை சைபர்காரர் லீவு முடிந்து வந்தார். சாயங்காலம் நாலு மணிக்குப் பட்டியல் ஜீப்பில் மேலிடத்துக்குப் போக வேண்டும். வளைகாப்புச் சாதம் ஒரு பொட்டலம் எனக்கென்று கொண்டுவந்திருந்தார். அதை என் மேசையில் வைத்துவிட்டுப் பட்டியலைக் கையில் எடுத்தார். முதல் ஐந்து ஊர் எல்லாம் தொண்ணூறுகளில். ஆறாவது ஊருக்கு நேராக, ஆழம்: 9.

ஒன்பது அடி! ஆற்றோரத்து ஊர். குனிந்து குடத்தை முக்கினால் தண்ணீர். அந்த ஊருக்கு அவசரமாக போர். எழுத்தாகப் பார்த்தால் ஒன்பது என்பது எண்பத்தெட்டைவிடப் பெரியதாயிற்றே!

தமிழையும் இங்கிலீஷையும் தாண்டி அவர் நேராகக் கன்னடத்துக்குப் போனார். ரெக்கார்ட் ரூம்காரர் சன்னலைச் சாத்த ஓடினார். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா. ரிஜிஸ்டர்ல இருக்கறபடியேதான அடிச்ச?"

"ஆமாங்க சார்" என்றேன்.

பச்சைப் பொய். ஆறு மாத வேலை. அதில் நாலு மாதம் போய்விட்டது. நீடிப்பார்கள் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். நான் அடித்த பைலைத் திறந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து அதிகாரி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றேன்.

"சார், லிஸ்ட்டு தப்பு. கையெழுத்து போடாதீங்க."

"நல்லது. போட்டாச்சே."

"ஒம்போது அடியில தண்ணி இருக்கற ஊருக்கு போர் போடப் போறீங்களா? நூத்திப்பத்து அடிக்காரன் எங்க போவான்?"

"கம்ப்யூட்டர் லிஸ்ட்டுய்யா. மனுசன் போட்டிருந்தா சந்தேகப்படலாம். தலைமை ஆபீஸ் புரோகிராம். நான் என்ன பண்ண முடியும்?"

இதைச் சொன்னபோது அந்த மனுஷர் சவரியம்மா அக்கா வைத்துவிட்டுப் போன தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த டம்ளரைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. சைபர்காரர் பிடுங்கவில்லை. திடீரென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் குரலைத் தாழ்த்தி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சரிங்க சார். உங்க வயசு என்னங்க?"

"அம்பத்தேழு. எதுக்கு?"

"பேரனுக்கு?"

"ஏழு. ஏன்யா?"

விறுவிறுவென்று மெஷினுக்கு வந்தார். பேரும் வயதுமாக ஆறு வரி அடித்தார். அதிகாரி, பேரன், ரெக்கார்ட் ரூம்காரர், அவர், நான். "அக்கா, உங்க ஊர்ல ரொம்ப வயசானவங்க யாரு?" என்று கேட்டார். "எங்க பெரியாத்தாங்க. நூறுன்னு சொல்லுவாங்க" என்றார் சவரியம்மா அக்கா. அதையும் அடித்தார். தலைமை ஆபீசின் அதே ஸ்கிரிப்டை, ஒரு புள்ளிகூட மாற்றாமல், அதன்மேல் ஓட்டினார். பிரின்டர் கறகறவென்று கத்தி ஓய்ந்தது. கிழித்துக்கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் விரித்தார்.

"வயசுல மூத்தவங்க பட்டியல் சார். கம்ப்யூட்டர் போட்டது. தப்பு வராது. வாசிங்க."

நல்லது சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். முதலிடம், பேரன், வயது ஏழு. இரண்டாம் இடம், அதிகாரி, வயது ஐம்பத்தேழு. எனக்கும் கீழே, கடைக்குட்டியாக, நூறு வயதுப் பெரியாத்தா.

"இன்னைக்கி வூட்டுக்குப் போனதும் பேரன் கால்ல வுழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்குங்க சார். அவருதான் மூத்தவரு. அப்புறமா இந்த ஆயாவுக்குக் காது குத்தி, பேரு வெச்சு, பள்ளிக்கூடத்துல சேக்கணும்."

அதிகாரி பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதன்முறையாக "நல்லது" என்று சொல்லவில்லை.

"சரி... அப்ப போன தடவைலாம் எப்படிய்யா ஒழுங்கா வந்துச்சு? இந்த தடவை மட்டும் ஏன்? யாரோ என்னமோ பண்ணியிருக்கணுமே. டைப் அடிச்சது யாரு?"

நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். சைபர்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டைப்புல ஒரு தப்பும் இல்ல சார். தொண்ணூத்தஞ்சு, முன்னால சைபரு இருந்தாலும் தொண்ணூத்தஞ்சுதான், இல்லாட்டியும் தொண்ணூத்தஞ்சுதான். ஒண்ணாப்புப் புள்ளைக்கித் தெரியும். அது தெரியாத புரோகிராம வெச்சுகிட்டு மனுசங்கள குத்தம் சொல்லாதீங்க. மெஷினு என் பொறுப்பு. நான்தான் பொறுப்பு. இப்ப நான் அந்தக் கோடையும் எழுத்தையும் போடப் போறேன். நீங்க தடுக்கறதுன்னா இந்தப் பேரன் பட்டியல்லயும் ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க, ரெண்டையும் ஒரே கவர்ல அனுப்பிடலாம்."

போட்டார். புதுப் பட்டியல் மூன்றரை மணிக்கு வந்தது. ஒன்பது அடி ஊர் எங்கேயோ அடியில் போய் ஒளிந்துகொண்டது. புளியம்பாறை ஒன்பதாவது இடம். சவரியம்மா அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்த வரியின் மேல் என்னை விரல் வைக்கச் சொல்லி, வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாதாவே" என்றார். அப்புறம் என்னிடம், "பாத்தீங்களா பாப்பா, அது எட்டிப் பாத்திருச்சு" என்றார்.

இதற்கு அரசாங்கம் அவருக்கு என்ன கொடுத்தது தெரியுமா? மெமோ! 'தலைமை அலுவலக நிரலில் அனுமதியின்றி இரண்டு எழுத்துகளைச் சேர்த்த குற்றத்துக்கு விளக்கம் தருக.' அந்த ஸ்கிரிப்டை எழுதிய கெட்டிக்காரருக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்வி. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் சாப்பாடு இறங்காது. சைபர்காரர் ஒரே வரியில் பதில் எழுதினார்: 'சேர்த்தவற்றில் ஒன்று கோடு. கோடு எழுத்தாகாது. ஆகவே குற்றம் பாதி மட்டுமே.' அந்தப் பதிலுக்காக இன்னொரு மெமோ வந்தது.

இரண்டாவது மெமோ வந்த அன்றைக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், சைபர விட்டது நான்தாங்க. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேங்க" என்று அழுதேவிட்டேன்.

"பைலத் தொறந்தப்பவே தெரியும்மா. மாசக்கணக்கா தலைக்கு மேல அட்டை ஒட்டியிருக்கேன், அதக்கூட வாசிக்கலியே நீ! கண்ணு இருக்குதா இல்லியா?" என்று கால் மணி நேரம், மூன்று மொழியிலும், திட்டித் தீர்த்தார்.

"அப்ப ஏங்க சார் என்னய காட்டிக் குடுக்கல?"

"உனக்கு ஆறு மாச வேல. ஒரு மெமோ வந்தா போச்சு. எனக்கு பர்மனென்ட்டு. மெமோ வாங்கறதுக்குன்னே என்னய பர்மனென்ட்டா போட்டு வெச்சிருக்காங்க. போய் மூஞ்சியக் கழுவும்மா."

ரிக் வண்டி வந்தது. புளியம்பாறையில் போர் போட்டு, அடிபம்பு வைத்து, சிமென்ட் மேடையில் பெயின்டர் எண் எழுத உட்கார்ந்தார். நாங்கள் ஆபீசிலிருந்து போயிருந்தோம். பட்டியலில் ஒன்பதாவது, ஆகவே பம்பு எண் 9. பெயின்டர் பிரஷ்ஷைத் தூக்கியதும் சைபர்காரர் குறுக்கே பாய்ந்தார்.

"முன்னால ரெண்டு சைபரு போடுய்யா."

"பம்பு நம்பரு ஒம்போதுதானுங்க சார். சைபரு எதுக்குங்க? பெயின்ட்டு வேஸ்ட்டுங்க."

"வேஸ்ட்டா! ஏனு அன்யாய இது!" அங்கே சாத்துவதற்குச் சன்னலும் இல்லை. உச்சி வெயிலில் அரை மணி நேரம் சண்டை. கடைசியில் சவரியம்மா அக்காதான் வந்தார். மாசமாயிருந்த மகளும் பக்கத்தில் குடத்தோடு நின்றாள். "அண்ணா, அவரு சொல்றபடியே எழுதிருங்க. அவரு சொன்னாத்தான் தண்ணி வருது" என்றார். பெயின்டர் முணுமுணுத்துக்கொண்டே 009 என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் சைபர்காரர் கைப்பிடியை அடித்து, உள்ளங்கையில் பிடித்து, ஒரு வாய் குடித்தார். குடித்துவிட்டு, கொஞ்சம் உப்பு என்று அதற்கும் கோபப்பட்டார்.

மூன்று மாதத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. எங்கெங்கோ மாற்றினார்கள். எனக்கும் வேலை நீடித்து, பர்மனென்ட் ஆகி, கல்யாணம் ஆகி, ரிடையர்மென்ட்டும் ஆகிவிட்டது. அவருடைய விலாசம் கடைசிவரை யாரிடமும் கிடைக்கவில்லை. சம்பளப் பட்டியல்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் திருவண்ணாமலை போகிற வழியில், அரூர் ரோட்டில் காரை நிறுத்தச் சொன்னேன். பம்பு இருந்தது. இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதாம். கரண்ட் போனால் இதுதானாம். மேடையில் வெள்ளைப் பெயின்டில் 009. புதிதாக எழுதிய மாதிரி இருந்தது. தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "ஏம்மா, ஒம்போதுக்கு முன்னால எதுக்கு ரெண்டு சைபர்?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க. அது அழிஞ்சா தண்ணி எறங்கிருங்களாம். எங்க சவரியாயா சொல்லிட்டுப் போயிருக்குதுங்க. வருசா வருசம் மாதா திருவிழாவுக்கு முன்னால பெயின்ட்டு அடிச்சிருவோம். அம்மா என்னய வயித்துல வெச்சிருந்தப்ப போட்ட பம்புங்க இது. நாளைக்கித்தான் கொடியேத்தம். ஒம்போதையும் ஒரு சைபரையும் எழுதி முடிச்சதும் பெயின்ட்டு தீந்துபோச்சுங்க, மொதச் சைபரு பாக்கி. இப்பத்தான் டப்பா வந்துச்சு."

உற்றுப் பார்த்தேன். ஆமாம், முதல் சைபர் மட்டும் போன வருஷத்தது, பாதி உரிந்திருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தேன். "அந்தப் பிரஷ்ஷ இப்படிக் குடும்மா" என்றேன்.

"ஐயோ, உங்களுக்கு எதுக்குங்கம்மா? கையெல்லாம் பெயின்ட்டு ஆகிருங்க."

"பரவால்ல, குடு. ஒரு தடவை நான் அத எழுதாம விட்டுட்டேன்."